கிரீன்லாந்தை எங்கே வரைந்தார்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் கொஞ்ச நாளாக கிரீன்லாந்துப் பேச்சுதான். செய்தியில் அடிக்கடி அடிபடுகிறதே, அதனால். எட்டாவது படிக்கிற என் அண்ணன் பேரன், "அத்தைப்பாட்டி, அது ஆப்பிரிக்கா சைஸ் இருக்குமா?" என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய, பின்னால் துணி ஒட்டிய உலகப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத்தான் தெரியும். உண்மையில் அதன் பரப்பு சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைவிடச் சிறியது. ஆப்பிரிக்கா அதைப் போலப் பதினான்கு மடங்கு. 1569-இல் மெர்கேட்டர் என்பவர் கடலோடிகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வகுத்த முறையில் வரைந்த படம் அது. துருவத்தை நெருங்க நெருங்க நிலம் வீங்கிக்கொண்டே போகும். அந்த மெர்கேட்டர் இந்தக் கதையில் பிறகும் வருவார்.

பேரனுக்குப் பதில் சொல்லலாம் என்று பழைய வடதிசைப் படங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், வரலாற்றில் பட்டம் வாங்கியவளில்லை. ஆனாலும் முப்பத்துச் சொச்சம் வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள். இதைப் படித்தபோது என் தலையிலேயே ஒரு குட்டு விழுந்தது. அதைச் சொல்லாமல் கதைக்குள் போக எனக்கு மனசில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் நான் உங்களுக்குச் சொல்லும் கடைசி வார்த்தை என்ன? "எதையும் காலியா விடாதீங்க. தெரியலேன்னாலும் ஏதாவது எழுதிட்டு வாங்க." எல்லா டீச்சரும் சொல்வதுதான். ஒரு வருஷம் எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஒரு பெண், அவுட்லைன் மேப்பில் கேட்ட பத்து இடங்களில் ஆறைச் சரியாகக் குறித்திருந்தாள். மீதி நான்குக்கு, படத்துக்குக் கீழே பென்சிலால் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். குத்துமதிப்பாக எங்கேயாவது புள்ளி வைத்திருந்தால் ஒன்றிரண்டு தேறியிருக்கும். விடைத்தாள் கொடுக்கும்போது வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி அதைப் படித்துக் காட்டி, "தெரியலேன்னு எழுதறதுக்கு ஒரு பரீட்சையா?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலை குனிந்து நின்றாள். எனக்கு அது பெரிய விஷயமாகவே அப்போது படவில்லை.

இனி வடதிசைக்குப் போவோம்.

கி.பி. 150 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தாலமி என்ற அறிஞர் கிரேக்க மொழியில் ஒரு புவியியல் நூல் எழுதினார். ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு பட்டியல். நம் ஊர்களும் அதில் உண்டு. மதுரையைப் பாண்டியர் தலைநகர் என்றே குறித்திருக்கிறார். கொற்கை, காவிரிப்பட்டினம், கரூர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்தியாவுக்குத் தீபகற்ப வடிவமே கொடுக்கவில்லை. கரை ஏறக்குறைய நேர்கோடாகப் போகும், கீழே இலங்கை பல மடங்கு பெரிதாக உட்கார்ந்திருக்கும். தெற்கே இப்படி என்றால் வடக்கே இன்னும் மோசம். அவருக்குத் தெரிந்த உலகம் 63 பாகையில் தூலே என்ற தீவோடு முடிந்துவிடுகிறது. இன்றைய ஸ்காண்டிநேவியா டென்மார்க்குக்குக் கிழக்கே சில தீவுகள், அவ்வளவே. ஸ்காட்லாந்து வடக்கே நிமிர்ந்து நிற்காமல், யாரோ கழுத்தைத் திருகியது போலக் கிழக்கே சாய்ந்து கிடக்கும். 63 பாகைக்கு மேல் இடமில்லை என்பதால் பக்கவாட்டில் மடக்கிவிட்டார் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். தாளில் இடம் போதாமல் நீங்கள் கன்னியாகுமரியை வளைத்து வரைவீர்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நூல் மேற்கு ஐரோப்பாவுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் எட்டாமலே கிடந்தது. 1410-ஐ ஒட்டி யாக்கப்போ ஆஞ்செலி என்ற இத்தாலியர் லத்தீனில் மொழிபெயர்த்து முடித்தார். இத்தாலி முழுக்க ஒரே பரபரப்பு. படித்தவர்கள், பணக்காரர்கள், கர்தினால்கள் எல்லாரும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். தாலமி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்ற அளவுக்கு மரியாதை.

அந்த நேரத்தில், 1424-இல், ரோமுக்கு ஒரு டென்மார்க்காரர் வந்து சேர்ந்தார். பெயர் கிளாடியஸ் கிளாவுஸ். 1388-இல் ஃபியூன் தீவில் சாலிங் என்ற கிராமத்தில் பிறந்தவர். இந்தப் பதிவின் நாயகன் இவர்தான்.

கிளாவுஸ் ரோமில் இருந்தவர்களிடம் சொன்ன செய்தி எளியது. "உங்கள் தாலமிக்கு எங்கள் ஊர் தெரியாது. நான் அங்கிருந்து வருகிறேன்." கியோம் ஃபிலாஸ்டர் என்ற பிரெஞ்சுக் கர்தினால் 1427-இல் தாலமி நூலுக்குத் தாம் தயாரித்த பிரதியில் கிளாவுஸின் வடதிசைப் படத்தையும் விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பிரதி இன்றும் பிரான்சில் நான்சி நகரத்தில் இருக்கிறது. தாலமியின் புத்தகத்துக்குள் தாலமி அறியாத நாட்டின் படம் நுழைந்தது அப்போதுதான். ஸ்காண்டிநேவியா தீவு அல்ல, தீபகற்பம் என்பதும், ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் இருக்கின்றன என்பதும் இத்தாலியர்கள் கண்ணுக்குப் படமாகத் தெரிந்தது அதில்தான்.

தவறுகள் நிறைய. ஸ்காண்டிநேவியா வடக்கு தெற்காக நீளாமல் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. கிரீன்லாந்து தனித் தீவாக இல்லாமல், ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து கிளம்பி மேற்கே வளைந்து வரும் ஒரு நீண்ட கை போல இருக்கிறது. அந்தக் கைக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் நடுவே உறைந்த கடல். ஆனால் அந்தக் காலத்தில் நார்வேக்காரர்களே அப்படித்தான் நம்பினார்கள், வடக்கே எங்கோ கிரீன்லாந்தும் ரஷ்யாவும் ஒட்டியிருப்பதாக. பனிக்கட்டிக் கடலின் எல்லையைப் பார்த்தவர்கள் அதை நிலம் என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அதனால் இதற்கு நான் மார்க் குறைக்க மாட்டேன்.

குறைக்க வேண்டிய இடம் வேறு. தாலமியின் நூலில் ஊர், ஆறு, முனை எல்லாவற்றுக்கும் பெயரும் எண்ணும் உண்டு. கிளாவுஸும் பிறகு அதே முறையில் வடநாடுகளுக்கு விரிவான பட்டியல் ஒன்று எழுதினார். அந்தப் பட்டியலின் பிரதிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் கிடைத்தன. பியோர்ன்போ, பீட்டர்சன் என்ற இரண்டு டேனிஷ் அறிஞர்கள் 1904-இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கிரீன்லாந்துக் கரை நெடுக ஆறுகளுக்கும் முனைகளுக்கும் விசித்திரமான பெயர்கள். எந்தப் பழைய நூலிலும் இல்லாத பெயர்கள். அவற்றை வரிசையாக, வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ஒரு டேனிஷ் நாட்டுப்பாடலின் சொற்கள்! ஒரு சொல்லுக்கு ஒரு ஆறு, அடுத்த சொல்லுக்கு ஒரு முனை. ஐஸ்லாந்தில் ரூன் என்ற பழைய எழுத்துகளின் பெயர்களை இடப்பெயர்களாக வைத்திருந்தார். அதாவது நம் ஊர் ஆறுகளுக்கு அகரம், ஆகாரம், இகரம் என்று பெயர் வைத்த மாதிரி. சில இடங்களில் அதற்கும் பொறுமை இல்லாமல் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று டேனிஷ் எண்களையே எழுதிவிட்டார். இத்தாலியில் யாருக்கும் டேனிஷ் தெரியாது. நானூறு வருஷத்துக்கு மேல் பிடிபடவே இல்லை.

இதைப் படித்தபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பின் வரிசைப் பையன்கள் சிலர் என் பரீட்சையில் செய்ததை (யார் என்று அவர்களுக்கே தெரியும்) இந்த மனிதர் கர்தினால்களிடம் செய்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அரையாண்டுத் தேர்வுப் பெண் நினைவுக்கு வந்தாள்.

கிளாவுஸை வெறும் புளுகர் என்று தள்ளிவிடவும் முடியாது. டென்மார்க்கை நன்றாகவே வரைந்திருக்கிறார். நார்வேயில் நிடாரோஸ் பேராலயத்தில், கடலில் பிடிபட்ட குள்ள மனிதர்களின் சிறிய தோல் படகு தொங்குவதாக எழுதியிருக்கிறார். அது கிரீன்லாந்து இனுயிட் மக்களின் கயாக் என்பதில் ஐயமில்லை. 1424-இல் போஜ்ஜோ என்ற புகழ்பெற்ற அறிஞர் எழுதிய கடிதத்தில், சோரோ மடத்தில் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் தொலைந்துபோன நூல்களைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்யும் ஒரு வடநாட்டவர் வருகிறார். அவர் கிளாவுஸ்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஃபிளாரன்சின் கோசிமோ மெடிச்சி ஆள்விட்டு விசாரித்தும் பார்த்தார். ஒரு ஏடும் கிடைக்கவில்லை. பெரிய சபையில் உட்கார்ந்து, எல்லாரும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அது எனக்குத் தெரியாது" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் எத்தனை முறை நானும் சமாளித்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம் பாருங்கள். கிரீன்லாந்தில் 985 வாக்கில் செந்தலை எரிக் என்பவர் தலைமையில் நார்வே, ஐஸ்லாந்து மக்கள் குடியேறி, மாடு ஆடு வளர்த்து, தேவாலயம் கட்டி வாழ்ந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத்தில் உள்ள கடைசிச் செய்தி 1408 செப்டம்பரில் ஹ்வால்சே தேவாலயத்தில் நடந்த ஒரு கல்யாணம். பிறகு எந்தத் தகவலும் இல்லை. 15-ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் குடியிருப்புகள் காலியாகிவிட்டன. ரோமில் கிளாவுஸ் பாட்டுச் சொற்களை அந்தக் கரையில் ஒட்டிக்கொண்டிருந்த காலமும், அங்கே கடைசி மனிதர்கள் ஒவ்வொருவராகக் குறைந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அடுத்த குழப்பம் அச்சு வந்த பிறகு. 1460-களிலிருந்து நிக்கோலாஸ் ஜெர்மானுஸ் என்ற ஜெர்மானியர் தாலமி நூலை அழகழகாகப் பிரதி செய்து விற்றார். முதலில் கிளாவுஸைப் பின்பற்றி கிரீன்லாந்தை மேற்கே, ஐஸ்லாந்துக்கு அப்பால் வைத்தார். பிற்காலப் பிரதிகளில் அதைத் தூக்கி நார்வேக்கு வடக்கே ஒரு தீபகற்பமாகச் சொருகிவிட்டார். விதி என்று சொல்வதா? 1482-இல் ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது இந்தத் தவறான படத்தைத்தான். ஓரளவு சரியானது பெட்டிக்குள் கையெழுத்துப் பிரதியாகத் தூங்கியது, தவறானது ஊரெல்லாம் பரவியது. அமெரிக்கா என்ற பெயரை முதலில் தாங்கிய வால்ட்சீமுல்லரின் 1507 உலகப் படத்திலும் கிரீன்லாந்து நார்வேயின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் 1502-லேயே போர்ச்சுகீசியர் கப்பலில் போய்க் கண்ணால் பார்த்து, கன்டீனோ படம் என்கிறார்களே அதில், கிரீன்லாந்தின் தென்முனையைச் சரியான இடத்துக்குப் பக்கத்திலேயே வரைந்துவிட்டார்கள். ஆனால் அதை ஆசியாவின் ஒரு மூலை என்று நினைத்தார்கள்! இடம் சரி, பெயர் தப்பு. ரூயிஷ் என்பவரின் 1507 படத்தில் கிரீன்லாந்து ஆசியாவோடு ஒட்டியே போய்விட்டது.

ஏன் இவ்வளவு தடுமாற்றம் என்றால், அட்சரேகையைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்துக் கணக்கிடலாம். தீர்க்கரேகையைக் கடலில் சரியாகக் கணக்கிட 18-ஆம் நூற்றாண்டுக் கடிகாரம் வரும்வரை வழியில்லை. கிழக்கு மேற்குத் தூரமெல்லாம் எத்தனை நாள் பயணம் என்ற குத்துமதிப்புதான். போதாக்குறைக்கு வடக்கே போகப் போக, திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து நிறையவே விலகும். முள்ளை நம்பி வரைந்தால் கரையே திரும்பிவிடும். இது கருவியின் குறை. இதைத் தாண்டி, எல்லாருமே மேசையில் உட்கார்ந்து முந்தைய படத்தைப் பார்த்து அடுத்த படம் வரைந்தவர்கள். பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதினால் அவன் தப்பும் சேர்ந்து வரும் என்பது நமக்குத் தெரியாததா?

நல்ல மாணவரும் ஒருவர் உண்டு. ஓலாவுஸ் மாக்னுஸ், ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார். 1518, 1519-இல் ஸ்வீடனின் வடபகுதிகளுக்கு நேரில் பயணம் செய்தவர். அவர் நாடு லூத்தரன் மார்க்கத்துக்கு மாறியதால் ஊர் திரும்ப முடியாமல் போலந்துக் கரையிலும் இத்தாலியிலும் காலம் கழித்தார். பன்னிரண்டு வருஷ உழைப்பில் 1539-இல் வெனிஸில் வெளியிட்டார், 'கார்ட்டா மரீனா' என்ற படத்தை. ஒன்பது மரக்கட்டைகளில் செதுக்கி அச்சிட்ட தாள்களைச் சேர்த்தால் ஒன்றே கால் மீட்டர் உயரம், ஒன்று எழுபது மீட்டர் அகலம். ஊர் இழந்த மனிதர் ஊரை நினைத்து வரைந்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது. பனிச்சறுக்குக் கட்டையில் போகும் வேட்டைக்காரர், உறைந்த கடல்மேல் மோதும் படைகள், மீன் உலர்த்துகிறவர்கள் என்று இண்டு இடுக்கெல்லாம் மனிதர்கள். கடலில் பயங்கரமான பிராணிகள். தீவு என்று நினைத்து ஒரு திமிங்கிலத்தின் முதுகில் நங்கூரம் போட்டுச் சமைக்கிறார்கள் இரண்டு பேர். கப்பலைச் சுற்றி வளைக்கும் சிவப்புப் பாம்பு வேறு. இவரும் தாலமியை விட முடியாமல், இல்லாத தூலே தீவு ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்.

ஆனால் ஐஸ்லாந்துக்கும் ஃபாரோ தீவுகளுக்கும் இடையே அவர் சுருள் சுருளாகக் கோடு போட்டிருந்தார். அலங்காரம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். 2003-இல் கடலியல் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டபோது, குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்தித்துச் சுழல்கிற அதே இடத்தில் அந்தச் சுருள்கள் இருந்தன. கப்பல்காரர்களிடம் கேட்டுத்தான் வரைந்திருக்க வேண்டும். இந்தப் படமும் தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1886-இல் மியூனிக் நூலகத்தில் ஒரு பிரதி கிடைத்தது.

இப்போது உண்மையான புளுகுக்கு வருகிறேன். 1558-இல் வெனிஸில் நிக்கோலோ ஜேனோ என்ற பிரபு ஒரு சிறு புத்தகமும் படமும் வெளியிட்டார். தம் முன்னோர் இருவர் 1380 முதல் வட அட்லாண்டிக்கில் ஃபிரிஸ்லாண்ட் என்ற பெரிய தீவை அடைந்ததாகவும், கிரீன்லாந்துக்கும் அதற்கு மேற்கேயும் போனதாகவும் அதில் கதை. ஆதாரம் எங்கே என்றால், சின்னப் பிள்ளையாக இருந்தபோது அருமை தெரியாமல் அந்தக் கடிதங்களைக் கிழித்துவிட்டாராம், மிஞ்சியதை வைத்து எழுதினாராம். வீட்டுப்பாட நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று சொன்னவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள்! அந்த முன்னோரில் ஒருவர் 1390-களின் தொடக்கத்தில் கிரேக்கக் கரையில் வெனிஸின் அதிகாரியாக இருந்ததும், 1394-இல் பணத்தைக் கையாடியதாக வெனிஸில் வழக்கைச் சந்தித்ததும் ஆவணங்களில் இருக்கின்றன. படம் முந்தைய வடதிசைப் படங்களிலிருந்து ஒட்டுப் போட்டது என்று 1898-இல் லூக்கஸ் என்பவர் விரிவாக அலசிக் காட்டினார்.

அதுவரை என்ன நடந்தது? மெர்கேட்டர் 1569-இல் ஃபிரிஸ்லாண்டைத் தம் பெரிய உலகப் படத்தில் சேர்த்தார். அவ்வளவு பெரிய மனிதரே சேர்த்த பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? இங்கிலாந்தின் மார்ட்டின் ஃபுரோபிஷர் 1576-இல் சீனாவுக்கு வடமேற்கு வழி தேடிப் புறப்பட்டபோது மெர்கேட்டரின் படத்தைக் கையோடு எடுத்துப் போனார். ஜூலை 11-ஆம் தேதி மூடுபனிக்குள் கூர்கூரான மலைகள் தெரிந்தன. அது கிரீன்லாந்தின் தென்பகுதி. ஆனால் படத்தில் கிரீன்லாந்து இன்னும் வடக்கே இருக்கிறது, 61 பாகையில் இருப்பது ஃபிரிஸ்லாண்ட். எனவே இது ஃபிரிஸ்லாண்ட் என்று முடிவு செய்தார். கண்ணெதிரே நிற்கிற நிலத்தைவிடத் தாள்மேல் நம்பிக்கை. 1578-இல் மறுபடி வந்து அதற்கு 'மேற்கு இங்கிலாந்து' என்று பெயர் சூட்டி ராணியின் சொத்தாக்கினார்.

மேற்கே இன்னும் போய், இன்றைய கனடாவின் பாஃபின் தீவில் ஒரு நீண்ட விரிகுடாவுக்குள் நுழைந்தார். ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவிலுள்ள நீரிணை என்று நினைத்தார். அங்கே அவருடைய ஆட்கள் ஐந்து பேர் இனுயிட் மக்களோடு வியாபாரம் செய்யப் போய்த் திரும்பவே இல்லை. ஒரு கறுப்புக் கல்லோடு ஊர் திரும்பினார். லண்டனில் சோதித்தவர்கள் பலர் தங்கம் இல்லை என்றார்கள். ஒரே ஒருவர் உண்டு என்றார். அவர் பேச்சைத்தான் எல்லாரும் கேட்டார்கள். எலிசபெத் ராணியே பணம் போட்டார். 1577-இல் சுமார் 200 டன், 1578-இல் பதினைந்து கப்பல்களில் போய் ஆயிரம் டன்னுக்கு மேல் கல் வெட்டி வந்தார்கள். டார்ட்ஃபோர்டில் உலை கட்டி உருக்கியும் குன்றிமணித் தங்கம்கூடத் தேறவில்லை. அந்தக் கற்கள் அங்கே மதில் கட்டத்தான் உதவின. நிறுவனத்தை நடத்திய மைக்கேல் லோக் கடனுக்காகச் சிறைக்குப் போனார்.

அதோடும் முடியவில்லை. ஃபுரோபிஷர் பார்த்த 'ஃபிரிஸ்லாண்ட்' கிரீன்லாந்தாக இருக்கலாம் என்ற சந்தேகம் பிறகு படம் வரைந்தவர்களுக்கு வந்தது. அந்த 'நீரிணை' அதற்கு மேற்கே என்று படித்திருந்தார்கள், எந்தத் தூரம் என்று தெரியவில்லை. பாஃபின் தீவில் இருக்க வேண்டிய ஃபுரோபிஷர் நீரிணையைக் கொண்டுபோய் கிரீன்லாந்தின் தென்பகுதியைக் குறுக்கே அறுக்கிற மாதிரி வரைந்துவிட்டார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுப் படங்களில் கிரீன்லாந்து தெற்கே துண்டாகித்தான் கிடந்தது.

துருவத்தைச் சொல்லாமல் விட்டால் மெர்கேட்டர் கோபித்துக்கொள்வார். அவர் இறந்த மறு வருஷம், 1595-இல் வெளியான வடதுருவப் படத்தில் துருவத்தைச் சுற்றி நான்கு பெரிய தீவுகள், நடுவே நீர்ச்சுழி, அதன் மத்தியில் 33 லீக் சுற்றளவுள்ள கறுப்புப் பாறை. ஒரு தீவில் நான்கடி உயரக் குள்ளர்கள் என்று குறிப்பு. இது எங்கிருந்து வந்தது என்று அவரே 1577-இல் ஜான் டீ என்ற ஆங்கிலேயருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டுத் துறவி ஒருவர் வடக்கே போய் ஒரு புத்தகம் எழுதினாராம், அவரைப் பற்றி ஒரு பாதிரியார் நார்வே மன்னரிடம் சொன்னாராம், அதை யாக்கோபுஸ் க்னோயன் என்ற பயணி எழுதிவைத்தாராம், அதை மெர்கேட்டர் படித்தாராம். துறவியின் புத்தகமும் இல்லை, க்னோயனின் புத்தகமும் இல்லை. கணக்கில் அவ்வளவு கறாரான மனிதர், துருவத்தில் வெள்ளைத் தாளை மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் வெறும் ஏட்டுத் தவறு என்று நினைக்காதீர்கள். 1721-இல் ஹான்ஸ் எகேடே என்ற பாதிரியார் மனைவி பிள்ளைகளோடு கிரீன்லாந்துக்குக் கப்பலேறினார், அந்தப் பழைய நார்வே மக்களைத் தேடி. மூன்று நூற்றாண்டாகத் தாய்நாட்டோடு தொடர்பில்லாமல் இருக்கிறார்களே என்ற தவிப்பு. அவர் கண்டது இனுயிட் மக்களையும் கூரையில்லாத கல் தேவாலயத்தையும்தான். பழைய நூல்களில் 'கிழக்குக் குடியிருப்பு' என்று ஒன்று வருகிறதே, அப்படியானால் அது கிழக்குக் கரையில் இருக்க வேண்டும், அங்கே இன்னும் நம்மவர்கள் உயிரோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும் விடவில்லை. பனிக்கட்டி அடைத்த அந்தக் கரைக்கு நூறு வருஷம் கழித்தும் ஆள் போனார்கள். 1828-இல் கிளம்பிய கிராஹ் என்ற டேனிஷ் கடற்படை அதிகாரி, இனுயிட் பெண்கள் துடுப்புப் போட்ட தோல் படகுகளில் கிழக்குக் கரையோரம் போய்ப் பார்த்து, அங்கே எதுவும் இல்லை என்று எழுதினார். கிழக்குக் குடியிருப்பு தென்மேற்குக் கரையில்தான் இருந்தது. எகேடே பார்த்த அந்த இடிந்த தேவாலயம் ஹ்வால்சே, 1408-இல் கல்யாணம் நடந்த அதே தேவாலயம்.

ஃபுரோபிஷரின் நீரிணைக்கு முடிவு வந்தது 1861-இல். சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் பாஃபின் தீவில் இனுயிட் மக்களோடு தங்கி, அது நீரிணை அல்ல, மூடிய விரிகுடா என்று கண்டார். அங்கே ஒரு மூதாட்டி, வெகு காலத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் வந்த கதையைச் சொன்னார். முதலில் இரண்டு கப்பல், அடுத்து இரண்டோ மூன்றோ, பிறகு ஏராளம். ஐந்து பேர் தங்கிவிட்டார்கள். ஒரு படகு கட்டிக்கொண்டு போகப் பார்த்தார்கள், குளிரில் செத்தார்கள். எழுத்து இல்லாத மக்கள் ஏறக்குறைய 285 வருஷம் வாய்வழியாக அந்த ஐந்து என்ற எண்ணைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஹால் தோண்டிப் பார்த்த இடத்தில் நிலக்கரியும் ஓட்டுத் துண்டுகளும் கிடைத்தன.

கடைசியாக ஒன்று. அந்த அரையாண்டுத் தேர்வுப் பெண் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அவளுக்கு இப்போது காலேஜ் போகிற மகள். "உன்னை அன்னிக்கு வகுப்புல வச்சு அப்படிக் கேட்டது தப்பும்மா" என்றேன். "ஐயோ, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் டீச்சர்" என்றாள். எனக்கும் அந்த நான்கு இடங்கள் எவை என்று நினைவில்லை, அதை வாய்விட்டே சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சாம்பார் ஏரி, கட்ச் வளைகுடா, விந்திய மலை, லூனி ஆறு" என்றாள்.